கிளாரெட் ஆஷ் மரத்துக்கு என்ன ஆச்சு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மெல்பேர்னில் வீட்டு முன்னால் கிளாரெட் ஆஷ் வைத்திருக்கும் நம்மவர்கள் தோட்ட வேலைக்கு என்னைக் கூப்பிடும்போது கேட்கிற கேள்விகள் ஏழெட்டுதான், அவைதான் வருடா வருடம் திரும்பி வருகின்றன. போனில் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் மரத்தில் தெரிகிற அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காரணங்களைக் காசு செலவில்லாததில் தொடங்கி எழுதியிருக்கிறேன், அதே வரிசையில் பார்த்துக்கொண்டு வந்தால் பெரும்பாலும் பாதியிலேயே விடை கிடைத்துவிடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் இலையைப் பார்க்கும் முன் தூரைப் பாருங்கள், அதாவது தண்டு மண்ணைத் தொடும் இடம். இந்த மரத்துக்கு வருகிற தொல்லைகளில் பெரும்பகுதி அந்த ஒரு சாண் இடத்தில்தான் தொடங்குகிறது.

## எதற்கும் முன்: இது எந்த ஆஷ், யாருடைய மரம்?

தெருவில் நட்டிருப்பது கிளாரெட் ஆஷ்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். சிற்றிலைகள் ஒல்லியாக இருக்கும், மொட்டு பழுப்பு நிறம், ஏப்ரல் மே மாதங்களில் மரம் முழுக்க ஒயின் நிறத்துக்கு மாறும், விதை அநேகமாகப் பிடிக்காது. குச்சி மஞ்சளாகவும் மொட்டு கறுப்பாகவும் இருந்தால் அது கோல்டன் ஆஷ். இலை மஞ்சளாகி உதிர்ந்து, குளிர்காலம் முழுக்கக் காய்ந்த விதைக் கொத்து தொங்கினால் அது டெசர்ட் ஆஷ். இந்தக் கடைசி ஆளைப் பற்றிக் கீழே இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்புறம், மரம் நேச்சர் ஸ்ட்ரிப்பில், அதாவது வீட்டுக்கும் சாலைக்கும் நடுவிலுள்ள தெருவோரப் புல்தரையில், நிற்கிறது என்றால் அது கவுன்சிலின் மரம். தண்ணீர் ஊற்றலாம், தூரில் உள்ள புல்லைப் பிடுங்கலாம், ஆனால் கவாத்துச் செய்வது, வேரை வெட்டுவது, புதிதாக நடுவது எல்லாவற்றுக்கும் கவுன்சிலைக் கேட்டாக வேண்டும். உங்கள் வளவுக்குள் நிற்கிற மரமாக இருந்தாலும் பெரியதை வெட்ட அனுமதி தேவைப்படலாம், விதி கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

## ஜனவரியில் இலை ஓரம் கருகுகிறது

ஓரம் மட்டும் பழுப்பு, நடுவில் பச்சை, வடக்கும் மேற்கும் பார்த்த பக்கத்தில் அதிகம் என்றால் அது அனல் காற்றின் வேலை. 2009 பிப்ரவரி 7 அன்று மெல்பேர்னில் 46.4 டிகிரி அடித்தது, அப்படி ஒரு நாள் வந்தால் நன்றாக இருக்கிற மரமும் கருகும். கருகிய இலையைப் பிடுங்க வேண்டாம், கிளையை வெட்ட வேண்டாம்.

மண் காய்ந்திருக்கிறதா? நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை மண்ணில் குத்திப் பாருங்கள். ஒரு சாண் ஆழம் வழுக்கிக்கொண்டு இறங்கினால் ஈரம் இருக்கிறது. பாதியிலேயே நின்றால் காய்ந்துவிட்டது. நட்டு இரண்டு கோடை தாண்டாத மரத்துக்கு வாரம் ஒருமுறை இரண்டு பத்து லிட்டர் வாளி, 35 டிகிரி தாண்டும் வாரத்தில் இரண்டு முறை. பெரிய மரத்துக்குத் தண்டோரம் ஊற்றிப் பயனில்லை, கிளைகளின் நுனிக்கு நேர் கீழே சுற்றிலும் மெதுவாக நனைய விடுங்கள். விக்டோரியாவில் ஸ்பிரிங்க்ளரும் சொட்டுநீர் டிரிப்பும் மாலை 6 மணி முதல் காலை 10 மணி வரைதான் ஓட வேண்டும், கையில் பிடித்து விசை அழுத்தும் ஹோஸுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை.

மண் ஈரமாகவே இருக்கிறதா? அப்படியானால் தண்ணீர் அதிகம். டிரிப்பைத் தினமும் ஓட விட்டால், மேற்கு மெல்பேர்னில் டார்னீட், பாயின்ட் குக் பக்கத்துக் கனத்த களிமண்ணில் வேர் மூச்சு முட்டி, மேலே பார்க்கையில் தாகத்தில் வாடியதைப் போலவே தெரியும். இதைத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறவர்கள் நிறைய. மண்ணைக் கொஞ்சம் தோண்டி முகர்ந்து பாருங்கள், அழுகிய வாடை வந்தால் தண்ணீரை நிறுத்துங்கள்.

இலை கருகாமல் கிண்ணமாகக் குவிந்து முறுக்கிக்கொண்டிருக்கிறதா? புல்லுக்குக் களைக்கொல்லி கலந்த உரம் போட்டீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அந்த மருந்துகளில் சில மர வேரிலும் ஏறும். செய்வதற்கு ஒன்றுமில்லை, நன்றாகத் தண்ணீர் விட்டு அடுத்த துளிர் வரும்வரை பொறுத்திருங்கள். இனி மரத்துக்கு அடியில் அதைப் போடாதீர்கள்.

இரண்டு கோடை தொடர்ந்து பாதிக்கு மேல் இலை போனால் ஆர்பரிஸ்ட்டை, அதாவது மரப் பராமரிப்பு படித்த வல்லுநரை, கூப்பிடுங்கள்.

## பிப்ரவரியிலேயே ஒரு கிளை மட்டும் சிவக்கிறது, அல்லது உச்சி காய்கிறது

இதைப் பார்த்து "அடடா, சீக்கிரமே அழகாகிவிட்டது" என்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். மரம் முழுவதும் பச்சையாக இருக்கும்போது ஒரு கிளை மட்டும் முந்திச் சிவந்தால் அந்தக் கிளைக்கோ அதற்கு நேரான வேருக்கோ ஏதோ ஆகியிருக்கிறது. அடுத்த வருடம் அதே கிளை இலையில்லாமல் நிற்கும். இந்த அறிகுறியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் கிளைக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் பட்டையை மெல்லக் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். பழுப்பாக உலர்ந்திருந்தால் பச்சை கிடைக்கும்வரை தண்டு நோக்கிக் கீறிக்கொண்டே வாருங்கள். சாவு எங்கே நிற்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

பிறகு தூருக்கு வாருங்கள். தண்டு கீழே போகப் போக அகன்று, வேர்கள் கிளம்புகிற இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மின்கம்பம் நட்ட மாதிரி நேராக மண்ணுக்குள் இறங்கினால் மரம் ஆழமாகப் புதைந்திருக்கிறது, அல்லது மூடாக்கை (மண்ணை மூடப் போடும் மரச்சில்லு, சருகு) வருடா வருடம் தண்டோரம் குவித்திருக்கிறார்கள். கையாலும் சிறு கரண்டியாலும் மண்ணை விலக்கி அகன்ற பாகம் தெரியும்வரை எடுங்கள். இதற்குக் காசு செலவில்லை, ஒரு மாலை நேரம் போதும். விலக்கும்போது தண்டைச் சுற்றி வளைந்து அழுத்தும் வேர் தென்படலாம், தொட்டியில் நெடுநாள் கிடந்த கன்றுகளில் இது சகஜம். விரல் பருமன் வரை உள்ள வேராக இருந்தால் வெட்டி எடுத்துவிடலாம். அதைவிடப் பெரியது, தண்டுக்குள் புதைந்துவிட்டது என்றால் நீங்கள் தொடாதீர்கள்.

அதே இடத்தில் பட்டை சீவப்பட்டிருக்கிறதா என்றும் சுற்றி வந்து பாருங்கள். புல் வெட்டுகிற ஆள் கயிறு சுழன்று புல் சீவும் விப்பர் ஸ்னிப்பரைத் தண்டோரம் ஓட்டிவிட்டுப் போய்விடுவார், காயம் புல்லுக்குள் மறைந்திருக்கும். தண்டின் சுற்றளவில் கால் பங்குக்குக் குறைவான காயத்தை மரம் தானே மூடிக்கொள்ளும். முழுச் சுற்றும் போயிருந்தால் அந்த மரம் பிழைக்காது. மருந்து, தார், பெயின்ட் எதையும் காயத்தில் பூச வேண்டாம். தண்டைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு மூடாக்குப் போடுங்கள், அதன்பிறகு அங்கே யாரும் இயந்திரம் கொண்டுவரத் தேவையே இல்லை.

தூரில் ஒன்றும் இல்லையென்றால், கடந்த சில வருடங்களில் அருகில் யாராவது தோண்டினார்களா என்று யோசியுங்கள். புது டிரைவ்வே, இன்டர்நெட் கேபிள், வேலி அடித்தளம், எதுவானாலும். வேர் வெட்டுப்பட்டதன் விளைவு உடனே தெரியாது, ஓரிரண்டு வருடம் கழித்து உச்சியில் தெரியும். இந்த நாட்டு நியதிப்படி, நெஞ்சுயரத்தில், அதாவது 1.4 மீட்டரில், தண்டின் விட்டத்தை அளந்து அதை 12ஆல் பெருக்கினால் வருகிற தூரம்தான் பாதுகாக்க வேண்டிய வட்டத்தின் ஆரம். 40 சென்டிமீட்டர் தண்டுக்கு 4.8 மீட்டர். அந்த வட்டத்துக்குள் பள்ளம் வெட்டப்பட்டிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

இதற்குப் பின்னும் விடை இல்லையென்றால் வறட்சியும் பூஞ்சையும் சேர்ந்த சிக்கல். கலிபோர்னியாவில் இதே மரத்தை, அங்கே ரேவுட் ஆஷ் என்பார்கள், நிறைய நட்டார்கள். தண்ணீர் பற்றாமல் களைத்துப்போன மரங்களில் போட்ரியோஸ்பேரியா என்ற பூஞ்சை புகுந்து கிளை கிளையாகக் காய வைத்தது. அதற்குத் தெளிக்கிற மருந்து கிடையாது. மழை இல்லாத நாளாகப் பார்த்து, காய்ந்த கிளையை நல்ல மரம் தெரிகிற இடம் வரை வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தியை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் துடைத்து, கோடை முழுக்க ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும்.

தரையில் நின்று எட்டுகிற கிளை உங்கள் வேலை. ஏணி தேவை என்றாலோ, மரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காய்ந்துவிட்டது என்றாலோ ஆர்பரிஸ்ட்.

## அடியிலிருந்து பச்சைப் போத்துகள் (பக்கத் துளிர்கள்) கிளம்புகின்றன

கிளாரெட் ஆஷ் எல்லாமே ஒரே ஒரு நாற்றின் வழிவந்தவை. 1910 வாக்கில் அடிலெய்ட் அருகே நர்சரியில் முளைத்த அந்த நாற்று, அடிலெய்ட் மலைப்பகுதியின் பிரிட்ஜ்வாட்டரில் இருந்த ரேவுட் தோட்டத்துக்குப் போய் அந்தப் பெயரிலேயே உலகமெல்லாம் பரவியது. அந்தச் சிவப்பு விதையில் வராது, ஒட்டுக் கட்டித்தான் ஆக வேண்டும். அதனால் உங்கள் மரத்தின் மேல்பாகம் ரேவுட், வேர் பெரும்பாலும் டெசர்ட் ஆஷ். ஊரில் ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்கு இது புரியும், ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது நாட்டு மா, அதை விட்டால் அதுதான் மரமாகும்.

ஒட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள், தண்டில் ஒரு சின்ன முண்டோ பட்டையில் மாறுதலோ தெரியும். அதற்குக் கீழேயிருந்து வருவது எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். இளசாக இருக்கும்போதே, கை வைத்துத் தண்டை ஒட்டி ஒடித்துக் கிழித்து எடுங்கள். மேலாகக் கத்தரித்தால் ஒன்றுக்கு நாலாக வரும். வேரிலிருந்து புல்லுக்கு நடுவில் கிளம்பினால் மண்ணை விலக்கி வேரில் ஒட்டியிருக்கும் இடத்திலேயே வெட்டுங்கள். கிளைபோசேட் களைக்கொல்லி தெளிக்காதீர்கள், போத்தும் மரமும் ஒரே வேர், மருந்து மரத்துக்குள் போகும்.

போத்துகள் திரும்பத் திரும்ப வந்தால் வேருக்கு ஏதோ எரிச்சல். புல்வெட்டி வேரைச் சுரண்டுகிறதா, மேலே கடுமையாக வெட்டினார்களா என்று பாருங்கள். முடிந்தவரை விடாமல் எடுத்துக்கொண்டே இருங்கள். டெசர்ட் ஆஷ் விக்டோரியாவில் ஓடைக்கரைகளை ஆக்கிரமிக்கும் களைமரம், அதை விதை பிடிக்கிற வயது வரை வளர விடுவது ஊருக்கே கேடு.

## இலையுதிர்காலத்தில் சிவப்பே வரவில்லை

மரம் முழுக்க மஞ்சள், விதையும் இருக்கிறது என்றால் ரேவுட் பாகம் எப்போதோ செத்து வேர்மரம் எழுந்துவிட்டது. பாதி மஞ்சள் பாதி சிவப்பு என்றால் அது நடந்துகொண்டிருக்கிறது, மஞ்சள் பாதி ஒட்டுக்குக் கீழேயிருந்துதான் கிளம்பும். அது கட்டைவிரல் பருமன் இருக்கையில் வெட்டினால் சரி. தொடை பருமன் ஆகிவிட்டால் எடுக்கும்போது தண்டில் பெரிய காயம் விழும், ஆர்பரிஸ்ட்டிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மஞ்சளும் இல்லை, மங்கலான ஊதா கலந்த பச்சையிலேயே இலை உதிர்கிறது என்றால் வெயில் போதவில்லை, அல்லது கோடை முடிவில் புல்லுக்குப் போட்ட நைட்ரஜன் உரம் மரத்துக்கும் போயிருக்கிறது. ஜனவரிக்குப் பிறகு உரத்தை நிறுத்திப் பாருங்கள். இரவு குளிராத வருடத்தில் யார் வீட்டிலும் நிறம் கம்மிதான்.

## கவட்டையில் கீறல், கிளை பிளந்துவிட்டது

பிளந்து தொங்குகிறது: அடியில் போகாதீர்கள், காரை எடுக்கக்கூட. கரண்ட் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் நன்றாக விலகி நின்று 000. புயலில் விழுந்து வீட்டுக்கு ஆபத்து என்றால் விக்டோரியாவில் எஸ்இஎஸ் என்ற மாநில அவசர சேவை, 132 500. தெரு மரம் என்றால் கவுன்சிலின் அவசர எண். பிளந்ததைக் கயிறு கட்டி, போல்ட் முடுக்கி நிமிர்த்தப் பார்க்கிறார்கள், அது ஒட்டாது.

இன்னும் பிளக்கவில்லை, ஆனால் பயமாக இருக்கிறது: இந்த மரம் வேகமாக வளரும், ஒரே இடத்திலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் போட்டி போட்டுக்கொண்டு எழும். கவட்டை ஆங்கில யூ போல அகன்று, சேருமிடத்தில் பட்டை வெளியே மேடாகத் தள்ளியிருந்தால் உறுதியானது. வி போலக் குறுகி, பட்டை உள்நோக்கி மடிந்து கோடாகத் தெரிந்தால் அங்கே மரமும் மரமும் சேரவில்லை, நடுவில் பட்டைதான் இருக்கிறது. கோடு நெடுக ஈரக் கசிவோ புது வெடிப்போ இருந்தால் காத்திருக்காதீர்கள், அந்த வாரமே ஆள் வர வேண்டும்.

சின்ன மரத்தில் இதை நீங்களே தீர்க்கலாம், செலவு ஒரு கவாத்துக் கத்தரி. இலை உதிர்ந்த ஜூலையில், நடுத்தண்டு எது என்று முடிவு செய்து, அதோடு போட்டி போடுகிற கிளையைப் பாதி நீளத்துக்கு, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே வெட்டிவிடுங்கள். அடுத்த குளிர்காலத்தில் நடுத்தண்டு முந்தியிருக்கும், அப்போது போட்டிக் கிளையை முழுசாக எடுக்கலாம். நட்ட முதல் நாலைந்து குளிர்காலத்தில் இதைச் செய்த மரமும் செய்யாத மரமும் பிற்பாடு நிற்கிற விதமே வேறு, இந்த மரத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய ஆகப்பெரிய உதவி இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

மணிக்கட்டை விடப் பருத்த கவட்டை என்றால் ஆர்பரிஸ்ட்டிடம் விடுங்கள். ஏறி வெட்டுகிறவருக்குக் ஆர்பரிஸ்ட் படிப்பில் குறைந்தது லெவல் 3 தகுதி வேண்டும். மரத்தை வைக்கலாமா எடுக்கலாமா என்று எழுதிக் கொடுக்க லெவல் 5 வேண்டும். இரண்டையும் கேளுங்கள், காப்பீட்டுச் சான்றிதழையும் கேளுங்கள். உச்சியை மொட்டையடித்துத் தருகிறேன் என்று சொல்பவரை அனுப்பிவிடுங்கள், மொட்டையடித்த இடத்தில் கொத்தாக எழும் கிளைகள் பிடிப்பில்லாமல் இன்னும் சுலபமாக ஒடியும்.

## நட்டு இரண்டு வருடம், வளரவே இல்லை

ஆட்டிப் பாருங்கள். தண்டைப் பிடித்து அசைத்தால் மண்ணோடு சேர்ந்து தூரும் அசைகிறதா? வேர் வெளியே போகவில்லை. காரணம் பெரும்பாலும் நட்ட விதம்.

குச்சியை இறுக்கிக் கட்டி இரண்டு வருடமாக அவிழ்க்காமல் விட்டிருந்தால் முதலில் அதை அவிழ்த்துவிடுங்கள். மரம் காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் வேர் பிடிக்கும். குச்சி ஒரு வருடத்துக்கு மேல் தேவையில்லை, கட்டு எப்போதும் தளர்வாக இருக்க வேண்டும்.

அடுத்து, ஆழம். தூரில் மண்ணை விலக்கிப் பாருங்கள், ஒட்டு புதைந்திருந்தால் ஜூலையில் தோண்டி எடுத்துத் திரும்ப நடுவதுதான் நல்லது, இந்த வயதில் தாங்கும். குழி வேர்ப்பந்தை (வேரும் மண்ணும் சேர்ந்த உருண்டை) போல இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் வேர்ப்பந்து அளவுதான், ஒரு அங்குலமும் கூடாது. களிமண்ணில் மண்வெட்டி வழுக்கிய குழிச்சுவர் பளபளவென்று இறுகியிருக்கும், கடப்பாரையால் குத்திக் கரடுமுரடாக்குங்கள். சுற்றிச் சுற்றி வளைந்த வேரைப் பிரித்துவிடுங்கள் அல்லது வெட்டிவிடுங்கள். எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள், குழிக்குள் கம்போஸ்ட் நிரப்பினால் வேர் அந்தச் சொகுசை விட்டு வெளியே வராது, மழையில் தண்ணீரும் அங்கேயே தேங்கும். மேலே எட்டு சென்டிமீட்டர் மூடாக்கு, தண்டைத் தொடாமல்.

நடுவதற்கு முன்பே வடிகால் பார்த்துவிடுவது உத்தமம். குழியில் தண்ணீர் நிரப்பி மறுநாள் பாருங்கள், அப்படியே நின்றால் மேடு கட்டி நடுங்கள் அல்லது வேறு இடம் தேடுங்கள். தோண்டும் முன் பிஃபோர் யூ டிக் ஆஸ்திரேலியா (byda.com.au) தளத்தில் கேட்டால் அடியில் போகும் கேஸ், கேபிள், குழாய் வரைபடம் கிடைக்கும். இடமும் முக்கியம், வளர்ந்தால் 10 முதல் 15 மீட்டர் உயரம், குடை அதில் முக்கால்வாசி அகலம், மின்கம்பிக்குக் கீழே இதற்கு இடமில்லை. கன்று வாங்கக் குளிர்காலம் நல்லது, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மண் இல்லாத வெறும் வேரோடு விற்பார்கள், விலையும் குறைவு, வேர் சுற்றியிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். வாங்கும்போது ஒற்றை நடுத்தண்டு உள்ளதாகப் பொறுக்குங்கள்.

## நடைபாதை தூக்குகிறது, டாய்லெட் அடைக்கிறது

நடைபாதைக் கல் எழும்பினால் கவுன்சிலுக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், அது அவர்கள் வேலை. உங்கள் டிரைவ்வே என்றால் அந்த வேரை வெட்ட நினைக்கும் முன் மேலே சொன்ன 12 மடங்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தண்டுக்கு அருகில் தடித்த வேரை வெட்டினால் அடுத்த பெருங்காற்றில் மரம் சாயலாம்.

குழாய் அடைப்புக்கு மரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. பழைய வீடுகளில் சுட்டமண் குழாய், இணைப்புகளில் கசிவு, ஈரம் தேடி வேர் நுழைகிறது. பிளம்பரைக் கூப்பிட்டு முதலில் அடைப்பை எடுக்கச் சொல்லுங்கள், பிறகு கேமரா விட்டு எங்கே நுழைந்திருக்கிறது என்று படம் கேளுங்கள். ஒன்றிரண்டு இணைப்பு என்றால் அந்தத் துண்டை மாற்றலாம், நெடுக என்றால் உள்ளே உறை போடுவார்கள், அது செலவுதான். மரத்தை வெட்டினாலும் ஓட்டைக் குழாய் ஓட்டைக் குழாயாகவே இருக்கும்.

கோடையில் கதவு சிக்குகிறது, சுவரில் படிப்படியாக வெடிப்பு என்றால் களிமண் உலர்ந்து சுருங்குகிறது. மரத்தை எடுப்பதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள், பெரிய மரத்தைச் சட்டென்று எடுத்தால் மண் திரும்ப ஊறி உப்பி வேறு பக்கம் வெடிக்கும்.

## தண்டில் துளைகள்

வட்டமோ முட்டை வடிவமோ, கீழே மரத்தூள் சிந்தியிருந்தால் உள்ளூர்த் துளைப்பான் வண்டுகள். அவை பெரும்பாலும் ஏற்கெனவே களைத்த மரத்தைத்தான் தேடி வரும், ஆகவே பூச்சி மருந்துக்கு ஓடாமல் உச்சி காய்கிற தலைப்புக்குத் திரும்பிப் போய் மூல காரணத்தைத் தேடுங்கள்.

ஆங்கில டி எழுத்தைப் போல ஒரு பக்கம் தட்டையான, 3 முதல் 4 மில்லிமீட்டர் துளை என்றால் கதை வேறு. வட அமெரிக்காவில் 2002இல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்ற மரகத ஆஷ் துளைப்பான் வெளியேறும் துளை அப்படித்தான் இருக்கும். அந்த வண்டு ஆஸ்திரேலியாவில் இல்லை, வரவும் கூடாது. அப்படித் துளையோ பளபளக்கும் பச்சை வண்டோ கண்டால் படம் எடுங்கள், மரத்தையும் விறகையும் அங்கிருந்து நகர்த்தாதீர்கள், 1800 084 881 என்ற பயிர்ப்பூச்சி எண்ணுக்கு அன்றைக்கே சொல்லுங்கள். சந்தேகம் தப்பாகிப் போனாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.